மூக்குக்கல் யாருக்கு? வெள்ளவத்தைக் கரையில் ஒரு தூண்டில் தகராறு

2023 ஒக்டோபரிலிருந்து 2024 நவம்பர் வரை ஒரே இடத்தில், பெரும்பாலும் ஒரே ஆட்களுக்கிடையே நடந்ததை இங்கே எழுதுகிறேன். நான் வெளியிலிருந்து பார்த்தவன் இல்லை. தகராறு செய்த ஒரு தரப்பில் நானும் இருந்தேன், பிறகு நடுவில் நின்று பேசியவனும் நானே. இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கவும். பெயர்களை விட்டுவிட்டேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இடம்

வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடைப்பட்ட கரையில் கால்வாய் ஒன்று கடலில் விழுகிறது. நகரப் பக்கமிருந்து வந்தால் முதலில் மரைன் டிரைவ், அடுத்து ரயில் பாதை, அதற்கப்பால் கருங்கற்கள், பிறகு கடல். கொழும்பிலிருந்து தெற்கே போன இந்தக் கரையோர ரயில் பாதையின் முதற்பகுதி 1877இல் திறக்கப்பட்டது. 1894இல் அது காலியை எட்டியது. பாதையைக் கடல் அரித்துவிடாமல் இருக்கக் கொட்டிய கற்கள்தான் எங்களுக்குத் தூண்டில் போடும் மேடை. ஆக, நாங்கள் சண்டை பிடித்த கல் எங்களுக்காகப் போட்ட கல்லே இல்லை.

கற்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பிறகு எதற்குச் சண்டை என்று கேட்கலாம். மழை பெய்து கால்வாய் கலங்கி வரும்போது அந்தக் காவி நிற நீரும் கடலின் தெளிந்த நீரும் உரசும் கோடு கண்ணுக்கே தெரியும். சிறுமீன்கள் அந்தக் கோட்டில் ஒதுங்கும். அவற்றைத் தேடிப் பாரையும் சீலாவும் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவாவும் வரும். வற்று ஓடும் நேரத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கிக் கால்வாய் நீர் வெளியே இழுபடும் நேரத்தில், கோடு இன்னும் கூர்மையாகும். கொழும்பில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஒரு மீட்டரைத் தொடாது. ஆனாலும் ஒடுங்கிய கால்வாய் வாயில் அந்தக் கொஞ்ச இழுப்பே போதும்.

அந்தக் கோட்டைத் தூண்டில் எட்டக்கூடிய கற்கள் மூன்று. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதை மூக்குக்கல் என்போம். அதற்குப் பக்கத்தில் தட்டைக்கல். மூன்றாவது சாய்ந்த கல். அதில் நிற்கலாம், ஆனால் மீன் மாட்டினால் இழுத்து மேலே கொண்டுவருவது பெரும்பாடு. வேறு எங்கு நின்று எறிந்தாலும் ஈயம் பாறை இடுக்கில் சிக்கித் தங்கூசி, அதாவது தூண்டில் நூல், அறுந்துவிடும்.

யார் யார்

2022க்கு முன் எங்கள் வட்டம் எட்டுப் பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். முப்பது வருடத்துக்கு மேலாக மூக்குக்கல்லில் இருப்பவர். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நான், கடை வைத்திருக்கும் இருவர், தெஹிவளையிலிருந்து வரும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் நண்பர் ஒருவர் என்று மற்றவர்கள். இறாலோ சாளைத் துண்டோ கொளுவி எறிந்துவிட்டு, தடியை நிறுத்திவைத்து, அரசியல் பேசிக்கொண்டிருக்கும் கூட்டம். மீன் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

இரண்டாவது தரப்பு ஒருவர்தான். கால்வாய்க் கரையில் குடியிருப்பவர், கூலிவேலை செய்பவர். தமிழும் சிங்களமும் ஒரேயளவு பேசுவார். வேலை இல்லாத நாட்களில் அவர் பிடிக்கும் மீன்தான் வீட்டுக் கறி. மிஞ்சினால் ஒழுங்கைக்குள் விற்பார். தடி இல்லை, கைத்தூண்டில்தான். இவரை இந்தப் பதிவில் தொழில்காரர் என்று குறிப்பிடுகிறேன்.

மூன்றாவது தரப்பு இளைஞர்கள். 2022இல் நாடு எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். அதற்குப் பிறகு கரைக்கு வரும் ஆட்கள் கூடினார்கள். சிலர் மீனுக்காகவே வந்தார்கள். பலர் செலவில்லாத பொழுதுபோக்கு என்று வந்து, ஒரு மாதத்தில் செலவுள்ள பொழுதுபோக்காக்கிக்கொண்டார்கள். இருபது, இருபத்தைந்து வயது. தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாம் கலந்த கூட்டம். மோட்டார் சைக்கிளில் வருவார்கள், நெற்றியில் டோர்ச் கட்டியிருப்பார்கள். இரை வைப்பதில்லை, பிளாஸ்டிக் மீன், பொப்பர் போன்ற போலி இரையை எறிந்து சுழற்றுவார்கள்.

வெளியாட்களுக்குப் புரியாத இடம் இதுதான். இரை வைப்பவனின் தங்கூசி ஒரு மணிநேரம் அசையாமல் நீருக்குள் கிடக்கும். போலி இரைக்காரன் நிமிடத்துக்கு ஒரு தடவை எறிந்து, விசிறிபோல இடமும் வலமுமாக இழுப்பான். இருவரும் பக்கத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் சிக்கு. சிக்கெடுக்கும்போது யாராவது ஒருவர் தங்கூசியை வெட்ட வேண்டும். யாருடையதை வெட்டுவது? எங்கள் சண்டைகளில் பாதி அந்தக் கேள்வியில்தான் தொடங்கின. மனிதர்களின் குணம் அப்புறம்தான் வந்தது.

குழாய்கள்

2023 ஒக்டோபரில் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் இறங்கியதும் எல்லோரும் ஒரே வாரத்தில் கரைக்கு வந்தோம். இரண்டு தடவை மாஸ்டர் வரும்போது மூக்குக்கல்லில் பையன்கள் நின்றார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை மூக்குக்கல்லில் இரண்டு, தட்டைக்கல்லில் ஒன்று என மூன்று பிவிசி குழாய்த் துண்டுகளைச் சீமெந்து வைத்துப் பதித்தோம். தடியைச் செருகி நிறுத்த வசதி என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பக்கத்தில் வெள்ளைப் பெயின்றில் எங்கள் பெயர்களின் முதலெழுத்துகளையும் எழுதினோம். தடி நிறுத்த முதலெழுத்து எதற்கு? சீமெந்து வாங்கிக் கொடுத்தது நான். அன்று என் மனச்சாட்சி எதையும் கேட்கவில்லை.

கனடாவில் இருக்கும் என் மச்சானிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அங்கே அரச காட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கிடையிலும் இதே வழக்குத்தானாம்: ஒருவன் மரத்தில் பரண் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவான், விடியற்காலையில் இன்னொருவன் வந்து அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பான். “பரண் உன்ரதுதான், காடு உன்ரதில்லையே,” என்றார். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் காட்டு வேட்டையை ஒடுக்கிவிட்டன. கொழும்பில் இருப்பவனுக்கு மிஞ்சியிருக்கும் வேட்டைக்களம் இந்தக் கற்கள்தான் என்று நானும் ஏதோ பதில் சொன்னேன். அவர் சொன்னதன் அர்த்தம் டிசம்பரில்தான் உறைத்தது.

நவம்பர், டிசம்பர்

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு குழாய்க்குள் மணலும் கல்லும் அடைத்திருந்தார்கள். அடுத்த வாரம் அது உடைந்து கிடந்தது. எங்கள் ஆள் ஒருவர் பதிலுக்குப் பையன் ஒருவனின் தங்கூசியை வேண்டுமென்றே வெட்டினார். தன் கையால் வெட்டியதை அவர் பிறகு ஒப்புக்கொண்டார், அன்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் நானாவின் தடி ஒன்று காணாமல் போனது. பையன்கள் எடுத்தார்கள் என்று முடிவுகட்டினோம். அது அலையில் போயிருக்கவும் கூடும், இன்றுவரை தெரியாது.

இந்த நாட்களில் தொழில்காரர் விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவர் சாய்ந்த கல்லில் இருந்தார். அது அவர் விரும்பிப் போன இடம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

டிசம்பர் நடுவில் ஒரு மழை இரவு. அன்று பின்னேரம் முழுக்க மழை கொட்டிக் கால்வாய் பொங்கி வந்தது. எல்லாருக்கும் தெரியும், இன்றைக்கு மீன் இருக்கும். ஆறரை மணிக்கு மூக்குக்கல்லில் இரண்டு பையன்கள், ஏழு மணிக்கு எங்கள் ஆட்கள் மூன்று பேர். “இது எங்கட இடம், பேர் எழுதியிருக்கிறது தெரியேல்லையோ?” என்று கேட்டவர் எங்கள் தரப்பு. “கல்லுக்குக் காணி உறுதி இருக்கோ அங்கிள்?” என்று பதில் வந்தது. கைகள் மேலெழுந்தன. யார் தள்ளினார், யார் வழுக்கினார் என்பதில் நேரில் பார்த்த ஐந்து பேரும் ஐந்து கதை சொல்கிறார்கள். 22 வயதுப் பையன் பாசி பிடித்த கல்லில் வழுக்கி இரண்டு கல்லுக்கு இடையில் விழுந்தான். தலையில் ஏழு தையல். கடல் பக்கம் விழுந்திருந்தால் இந்தப் பதிவு வேறுமாதிரி இருந்திருக்கும்.

அவனை முதலில் தூக்கியவர் தொழில்காரர். தன் சாரத்தால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி முச்சக்கரவண்டி வரை நடத்திக்கொண்டு போனார்.

பொலிஸில்

மறுநாள் பையனின் தகப்பன் முறைப்பாடு செய்தார். இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன். முறைப்பாட்டை எடுத்த உத்தியோகத்தர் இரண்டு பக்கக் கதையையும் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: கல் ரயில் பாதைக்குப் போட்டது, கரை அரசாங்கத்தினது, பாதையில் நடப்பதே குற்றம், மேலும் சண்டை என்று வந்தால் இரண்டு பேரையும் அங்கே நிற்க விடமாட்டேன்.

சட்டம் அவர் சொன்ன பக்கம்தான் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பேணல் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டரையும், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீட்டரையும் கரையோர வலயத்துக்குள் அடக்குகிறது. அதற்குள் அனுமதி இல்லாமல் கட்டுமானம் செய்ய முடியாது. குழாயும் சீமெந்தும் சின்னதாக இருந்தாலும் அந்த நிலத்தில் எங்களுக்கு ஒரு விரல் அகலம்கூடச் சொந்தமில்லை. முப்பது வருடப் பழக்கமும் அதை மாற்றாது.

மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்ற பேச்சும் வந்தது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகளை எங்கள் பக்கத்தில் இன்னும் பழைய பழக்கத்தில் இணக்கசபை என்றுதான் சொல்வார்கள். தகப்பன் அதற்கு முதலில் சம்மதித்தார், பிறகு மருந்துச் செலவைக் கொடுத்தால் போதும் என்றார். நாங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து கொடுத்தோம். அந்த நேரத்தில் பெரிய நிம்மதி. அது சரியான முடிவு என்று இப்போது நான் நினைக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதற்கூட்டம்: தோல்வி

டிசம்பர் கடைசியில் ஒரு கூட்டம் வைத்தோம். நான் சட்டத்தைப் படித்து, குறிப்பெடுத்து, ஒரு தாளில் ஒன்பது விதிகளை எழுதிக்கொண்டு போனேன். முதலாவது விதி, ‘இந்தக் கரை பொதுச்சொத்து, யாருக்கும் தனியுரிமை இல்லை.’ எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவரும் அந்த ஒரே வசனத்தைத் தனக்குச் சாதகமாகப் படித்தார்கள். பையன்களுக்கு அதன் அர்த்தம், முந்தி வந்தவனுக்கு இடம். எங்கள் ஆட்களுக்கு, நேற்று வந்தவனுக்கு எங்களைத் துரத்த உரிமை இல்லை. முக்கால் மணிநேரத்தில் கூட்டம் கலைந்தது.

தொழில்காரர் வரவேயில்லை. அவரைக் கூப்பிட்டிருந்தோம், ஒரு பையனிடம் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தோம். படித்தவர்கள் தாள் எழுதிக்கொண்டு கூடுகிறார்கள் என்றால் தன்னை எழுப்பத்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் அப்படிப்பட்ட கூட்டங்களைக் கண்டவர்.

இருபத்தொரு இரவுகள்

சரி, முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம் என்று ஒரு கொப்பி வாங்கினேன். 2024 ஜனவரி 2 முதல் 22 வரை இருபத்தொரு இரவு, ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை கரையில் இருந்தேன். யார் வந்தார், எந்தக் கல், எத்தனை மணிக்கு, என்ன பிடித்தார் என்று எழுதினேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இரண்டு விஷயங்கள் நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தன.

ஒன்று: இருபத்தொரு இரவில் ஒன்பது இரவு, ஆறிலிருந்து எட்டு மணிவரை மூக்குக்கல் வெறுமையாகவே கிடந்தது. குழாய் இருந்தது, முதலெழுத்து இருந்தது, ஆள் இல்லை. பிரச்சினை வேண்டாம் என்று பையன்கள் அதில் ஏறவில்லை. எங்கள் ஆட்களும் வரவில்லை. எல்லோரும் ஆசைப்பட்ட கல்லில் நண்டு உட்கார்ந்திருந்தது.

இரண்டு: உண்மையான நெருக்கடி ஐந்து இரவுகளில் மட்டும்தான். ஜனவரி 11ஆம் திகதி அமாவாசை, அதையொட்டி மூன்று இரவு. மழைக்குப் பிறகு இரண்டு இரவு. மற்ற நாட்களில் மூன்று கல்லுக்கு மூன்று, நான்கு பேர்தான். மாதம் முழுவதற்குமான சட்டம் ஒன்றை எழுத முயன்று தோற்றோம். தேவைப்பட்டது மாதத்தில் ஏழெட்டு இரவுக்கான ஒழுங்குதான்.

மூன்றாவதாக ஒன்றும் கண்ணில் பட்டது. ஆனால் அது கொப்பியில் எழுதக்கூடிய விஷயமாக இருக்கவில்லை. தொழில்காரர் மாலையில் சாய்ந்த கல்லில் அரைமணிநேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அவருடன் நடந்து போனபோது கேட்டேன். “நீங்க எல்லாரும் வந்தா எனக்கு அங்க என்ன வேலை ஐயா? விடியப்புறம் வந்து பிடிப்பன். இப்ப விடியவும் பொடியள் நிக்கிறாங்கள்,” என்றார். முப்பது வருடமாகிறது, அவரும் அங்கே. மாஸ்டரின் பழக்கத்துக்கு நாங்கள் சீமெந்து வைத்தோம். இவரின் பழக்கத்துக்குக் கணக்கே வைக்கவில்லை.

இரண்டாவது கூட்டமும் முடிவுகளும்

ஜனவரி 28, ஞாயிறு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடை. இந்த முறை தாள் இல்லை, கொப்பி மட்டும். தொழில்காரரை நானே வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். பேச்சு சிங்களத்திலும் தமிழிலும் நடந்தது. பதினான்கு பேர் வந்தார்கள். அடிபட்ட பையன் வரவில்லை, அவன் நண்பர்கள் வந்தார்கள்.

கொப்பியிலிருந்து ஒன்பது வெற்று இரவுகளைப் படித்தபோது யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன் சொன்னான்: “அங்கிள், இது காஸ் சிலிண்டர் வைச்ச மாதிரித்தான்.” எல்லோரும் சிரித்தார்கள். 2022இல் காஸ் வரிசையில் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனது எல்லோருக்கும் ஞாபகம். பெற்றோல் வரிசையை எது அடக்கியது என்ற பேச்சு வந்தது. கியூஆர் அட்டையும், வாகன இலக்கத்தின் கடைசி எண்ணுக்கு ஒரு நாள் என்ற முறையும். பெற்றோல் கூடியதால் மட்டும் வரிசை குறையவில்லை, உன் முறை எப்போது என்று தெரிந்ததால் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். என் ஒன்பது விதிகள் செய்யாததை அந்த ஒரு வாய்ப்பேச்சு செய்தது.

நானா நீர்கொழும்பை ஞாபகப்படுத்தினார். அவருக்கு அங்கே இறால் வியாபாரத் தொடர்பு உண்டு. நீர்கொழும்புக் களப்பின் வாயில், வற்றோடு கடலுக்குப் போகும் இறாலைக் கம்பு நட்டு வலை கட்டிப் பிடிக்கிறார்கள். நல்ல இடமும் உண்டு, கெட்ட இடமும் உண்டு. எந்த இரவு எந்த இடம் யாருக்கு என்பதை நான்கு சங்கங்கள் தங்களுக்குள் முறை வைத்து, சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கின்றன. இது தலைமுறைகளாக நடப்பது, 1958இல் அரசாங்க ஒழுங்குவிதியும் ஆனது. கரைவலைக்காரரும் ‘பாடு’ என்று சொல்வது இதைத்தான்: வலை போடும் இடமும் பாடு, அந்த இடத்தில் வரும் முறையும் பாடு. ஆனால் நீர்கொழும்பில் உறுப்பினராக இருக்கப் பரம்பரை உரிமை வேண்டும். எங்கள் கரையில் அதைக் கொண்டுவந்தால் மாஸ்டரைத் தவிர யாரும் மிஞ்சமாட்டோம். அதனால் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம், பரம்பரையை விட்டுவிட்டோம்.

முடிவானவை இவை. குழாய்களை வெட்டி எடுப்பது, எழுத்துகளைத் தேய்ப்பது. பொருள் இடம் பிடிக்காது, ஆள்தான் பிடிக்கும்; தேநீருக்கோ தொழுகைக்கோ போனால் இருபது நிமிடம் பொறுப்பது. அமாவாசை, பௌர்ணமியையொட்டி மூன்று மூன்று இரவும், பெருமழைக்கு அடுத்த இரவும் மாலை ஐந்தரைக்குச் சீட்டு: மூன்று கல், இரண்டு மணிநேரமாக மூன்று முறை. மற்ற நாட்களில் முந்தி வந்தவருக்கு. ஒரு முறை முடியும்வரை ஒரு கல்லில் இரையா போலி இரையா என்பது ஒன்றுதான்; இரண்டையும் கலக்கக்கூடாது. விடியற்காலை நாலரையிலிருந்து ஆறரைவரை மூக்குக்கல் வயிற்றுக்காகப் பிடிப்பவருக்கு. பாதையைக் கடப்பதென்றால் நிலையப் பக்கக் கடவையால் மட்டும்.

பௌர்ணமி விஷயத்தில் ஒரு சிறு சிக்கல். பௌத்தர்களின் புனித நாளான பௌர்ணமிப் போயா அன்று சிங்கள நண்பர்கள் சிலர் தூண்டிலைத் தொடமாட்டார்கள். அதனால் பௌர்ணமிச் சீட்டில் அவர்கள் எப்போதும் ஓர் இரவை இழப்பார்கள். அடுத்த இரவின் முதல் முறையை அவர்களுக்கு விடுவதென்று ஒத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் சமைப்பதில்லை, ஆனால் பிடிப்பதற்குத் தடை இல்லை என்று நான் சொன்னதை யாரும் சலுகைக்கான காரணமாக ஏற்கவில்லை.

அதிகம் விவாதித்தது விடியற்காலை விதியைத்தான். “அவர் ஒருத்தருக்காக ஒரு விதியா?” என்று இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பொழுதுபோக்குக்காரன் ஒரு விடியலை இழந்தால் தூக்கம் மிஞ்சும், அவர் இழந்தால் கறி இல்லை என்று நானா சொன்னார். அதோடு பேச்சு ஓய்ந்தது.

பின்னர் நடந்தவை

பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கைகலப்பு ஒன்றும் நடக்கவில்லை. வாய்த்தகராறு நடந்தது. இரண்டாவது சீட்டு இரவிலேயே ஓட்டை தெரிந்தது: சிலர் மீன் பிடிக்காத நண்பர்களைக் கூட்டிவந்து சீட்டில் பெயர் போட்டார்கள். ஒருவன் தனக்கு விழுந்த எட்டிலிருந்து பத்துவரையான முறையை ஐந்நூறு ரூபாய்க்கு விற்றான். தடி கையில் இருப்பவருக்கே சீட்டு, பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்தவருக்கு என்று மாற்றினோம். விற்பது நின்றது. நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்வது நிற்கவில்லை, அதை விட்டுவிட்டோம்.

மாஸ்டர் ஐந்து வாரம் கரைக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். புறப்படும்போது சொன்னார்: “நான் ஒருநாளும் அந்தக் கல்லை என்ர என்று சொன்னதில்லை தம்பி. நீங்கள்தான் என்ர பேரை எழுதினீங்கள். இப்ப நீங்கள்தான் அழிச்சிருக்கிறீங்கள்.” அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் பொருட்டுத்தான் எல்லாம் செய்தோம் என்று நினைத்திருந்தோம். குழாய் பதித்தபோதும் கேட்கவில்லை, வெட்டியபோதும் கேட்கவில்லை. ஏப்ரலில், புத்தாண்டு கழிந்து, திரும்பி வந்தார். இப்போது சாய்ந்த கல்லில்தான் இருக்கிறார், சீட்டில் பெயர் போடுவதில்லை. பையன்கள் சிலர் தங்கள் முறையில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் போவதில்லை.

அடிபட்ட பையன் திரும்பி வரவேயில்லை. தடியை விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

மே மாதம் கடல் எழும்பியதும் கரை தானாக வெறுமையானது. ஒக்டோபரில் திரும்பி வந்தபோது பையன்களில் பாதிப்பேர் புதிது. அவர்களுக்குச் சீட்டும் தெரியாது, கதையும் தெரியாது. விதிகளை இரு மொழியில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையிட்டு, வேலியில் கட்டினோம். ஒரு வாரத்தில் அதைக் கழற்றிவிட்டார்கள். நியாயம்தான்: எங்கள் எழுத்தைக் கல்லிலிருந்து தேய்த்துவிட்டு வேலியில் மாட்டியிருந்தோம். நவம்பரில் பழைய பையன்களில் இருவரே வட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது அமாவாசைத் திகதியும் சீட்டு நேரமும் அதில் வருகின்றன. பெரியவர்கள் பலர் அதில் இல்லை. ஆனால் ஐந்தரைக்குக் கூட்டம் கூடுவதைப் பார்த்து வந்துவிடுகிறார்கள்.

எல்லா விதிகளிலும் ஒரு நாளும் மீறப்படாதது அந்த விடியற்காலை விதிதான். மரியாதை ஒரு காரணம். அடுத்தது, நாலரைக்கு எழும்ப வேறு யாருக்கும் மனமில்லை.

திரும்பச் செய்வதானால்

முதலில் எண்ணியிருக்க வேண்டும். கொப்பியை ஒக்டோபரில் வாங்கியிருந்தால் சீமெந்து வாங்கியிருக்க மாட்டேன். வெறும் இரவுகளின் கணக்கை வைத்துப் பேசியபோது இறங்கி வந்த அதே ஆட்கள், சட்டத்தை வைத்துப் பேசியபோது முறுக்கிக்கொண்டார்கள்.

தொழில்காரரிடம்தான் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். சத்தம் போட்ட இரண்டு தரப்பையும் சமாதானப்படுத்தினால் வேலை முடிந்தது என்று நினைத்தது பெரிய பிழை. அவர் சத்தம் போடாததால் அவருக்கு உரிமைக்கோரிக்கை இல்லை என்று கணக்குப் போட்டோம்.

மருந்துச் செலவை எட்டாகப் பிரித்துக் கொடுத்ததும் பிழை என்றே படுகிறது. பணம் கைமாறியதோடு யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாமல் போனது. மத்தியஸ்த சபைக்குப் போயிருந்தால் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு தடவையாவது பேசியிருப்போம், பையனும் ஒருவேளை கரைக்குத் திரும்பியிருப்பான். எங்கள் வட்டத்தில் இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். வழக்கில்லாமல் முடிந்ததே பெரிது என்பது அவர்கள் கருத்து.

விதிகளை எழுதும் வேலையை இளைஞர்களிடம் முதலிலேயே விட்டிருக்கலாம். சீட்டில் ஓட்டை எங்கே என்று அவர்களுக்கு எங்களைவிட முந்தியே தெரிந்திருந்தது.

குழாய்களில் இரண்டு முழுமையாக வந்துவிட்டன. மூக்குக்கல்லின் ஓரத்தில் இருந்த மூன்றாவது அடியோடு வரவில்லை. மேலே வெட்டினோம், சீமெந்துக் கட்டி அப்படியே இருக்கிறது. இருட்டில் கால் தடக்கும் உயரம். உளியும் சுத்தியலும் கொண்டு போவதாக நான் சொல்லி இரண்டு மாதமாகிறது. கடல் இறங்கிய ஒரு காலையாகப் பார்த்துப் போக வேண்டும், அதுவும் ஆறரைக்குப் பிறகு.